காரைக்குடியில் தனியாக ஒருநாள் நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் காரில் வந்து, நாலு இடத்தில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். தனியாக வந்து, காலால் நடந்து ஊரைப் பார்க்க நினைக்கிறவர்களுக்காக எழுதியது இந்தப் பக்கம்.

நடந்தே பார்த்து முடிக்கக்கூடிய ஊரா காரைக்குடி?

முழுதாக முடியாது. சிவகங்கை மாவட்டத்திலேயே பெரிய ஊர் இது. 2024இல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனால் நீங்கள் பார்க்க வேண்டிய பழைய ஊர் சிறியது. கொப்புடையம்மன் கோயில், கல்லுக்கட்டி, செக்காலைப் பக்கம், முனீஸ்வரன் கோயில் தெரு எல்லாம் நடை தூரத்துக்குள்தான். குறுக்கும் நெடுக்குமாக எல்லாத் தெருவிலும் புகுந்து வந்தால் ஒரு நாளைக்கு 7, 8 கிலோமீட்டர் ஆகும். சாலையில் ஒரு கிலோமீட்டரைக் கால் மணிநேரத்தில் கடக்கிறவர், வீடுகளைப் பார்த்துக்கொண்டே போனால் அதே தூரத்துக்கு முக்கால் மணிநேரம் எடுப்பார். கணக்கைப் போடும்போது இதை மறக்க வேண்டாம்.

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி நான்கையும் ஒரே நாளில் சேர்க்கப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. பாதி நாள் ஆட்டோவிலும் பேருந்து நிறுத்தத்திலும் போய்விடும். எந்த ஊரையும் பார்த்ததாகவே இருக்காது.

எப்போது வரலாம்?

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய நல்லது. அக்டோபர், நவம்பர் மழைக்காலம். சித்திரை, வைகாசியில் காலை 9 மணிக்கே தார் ரோடு தகிக்கும். அப்போது வந்தால் காலையில் மூன்று மணிநேரம், மாலையில் இரண்டு மணிநேரம், அவ்வளவுதான் நடக்க முடியும். மாசி, பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் திருவிழா. பால்குடமும் காவடியும் பார்க்க வேண்டுமென்றால் அதுவே நேரம். அமைதியாக வீடு பார்க்க வேண்டுமென்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள்.

முகூர்த்த நாட்களில் ஒரு நன்மை உண்டு. வருடம் முழுக்கப் பூட்டியிருக்கும் வீடுகள் கல்யாணத்துக்காகத் திறந்து, கூட்டிக் கழுவி, கோலம் போட்டு நிற்கும். அழைப்பு இல்லாமல் உள்ளே நுழைய வேண்டாம். தெருவிலிருந்தே வளவு (உள் முற்றம்) வரை தெரியும்.

முதல் நாள் இரவே வந்துவிட வேண்டுமா?

ஆமாம். காலை 6 மணிக்குத் தெருவில் இருப்பதுதான் இந்த நடையின் உயிர். சென்னையிலிருந்து பல்லவன் ரயில் பிற்பகலில் கிளம்பி இரவு வந்து சேரும். ராமேசுவரம் போகும் இரவு ரயில்களும் காரைக்குடியில் நிற்கின்றன. மதுரையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். பேருந்து இருந்துகொண்டே இருக்கும். ரயிலடி ஊருக்குச் சற்று ஒதுங்கி இருப்பதால் மூட்டையோடு நடக்க வேண்டாம், ஆட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அறையைப் பழைய ஊருக்குப் பக்கத்தில் போட்டால் மதியம் திரும்பிப் படுக்கலாம். அது எவ்வளவு முக்கியம் என்பது பகல் 1 மணிக்குத் தெரியும்.

ஒரு நாளை எப்படிப் பிரிப்பது?

காலை 6 மணிக்குக் கொப்புடையநாயகி அம்மன் கோயிலில் தொடங்குங்கள். இங்கே மூலவரும் உற்சவரும் ஒன்றே. கருவறையில் இருக்கும் அதே ஐம்பொன் திருமேனிதான் திருவிழாவில் புறப்படும். தேடினாலும் அதிகக் கோயில்களில் பார்க்க முடியாது. அங்கிருந்து வீட்டுத் தெருக்களுக்குள் போய்விடுங்கள். 6 முதல் 9 வரை வாசல் தெளித்துக் கோலம் போடும் நேரம், காவலுக்கு இருப்பவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நேரம். பேச்சுக் கொடுக்க இதைவிட நல்ல வேளை கிடையாது.

வெளிச்சத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கிழக்குப் பார்த்த முகப்புகளைக் காலையிலும் மேற்குப் பார்த்தவற்றை 4 மணிக்கு மேலும் பாருங்கள். உச்சிவெயிலில் சுதை (சுண்ணாம்புச் சிற்ப) வேலைப்பாடு எதுவும் கண்ணில் நிற்காது. மேலிருந்து விழும் வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகிவிடும். சாய்ந்த வெயிலில்தான் பூவும் கொடியும் எழுந்து தெரியும்.

9 மணிக்குப் பலகாரம். 10 முதல் 12 வரை நிழலில் செய்யும் வேலை: பழம்பொருள் கடைகள், சேலைக்கடை. கோயில்கள் 12 மணிவாக்கில் நடை சாத்தினால் திறக்க 4 மணி ஆகும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணிநேரம் படுத்துவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம்; ஊரே அப்படித்தான். 4 மணிக்கு மறுபடி கிளம்பி, காலையில் விட்ட தெருக்களைப் பார்த்துவிட்டு, இருட்டும் முன் கடைத்தெருவுக்கு வந்துவிடலாம்.

தமிழ் மேல் பற்றுள்ளவர்கள் மாலையில் கம்பன் மணிமண்டபம் போகலாம். சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். மண்டப வளாகத்திலேயே தமிழ்த்தாய்க்குக் கட்டிய கோயில் இருக்கிறது. கண்ணதாசன் மணிமண்டபம் புதிய பேருந்து நிலையத்துக்கு அருகில். ஊர் திரும்பும்போது பார்த்துக்கொண்டு போகத் தோது.

வீடுகளுக்குள் விடுவார்களா?

அதிகம் வரும் கேள்வி இது. பெரும்பாலான வீடுகளுக்குள் போக முடியாது. இவை யாரோ வாழும் அல்லது பங்காளிகள் பலருக்குப் பொதுவான சொந்த வீடுகள். ஒரு வீட்டுக்கு இருபது, முப்பது பங்குதாரர்கள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பார்கள். சாவி ஒருவரிடம், முடிவு எல்லாரிடமும். காவல்காரர் மறுப்பது திமிரால் அல்ல. திறந்துவிடும் உரிமை அவருக்கு இல்லை. ஆயிரம் ஜன்னல் வீடு என்று எல்லாரும் வழி கேட்டுப் போகும் வீட்டையும் வெளியில் நின்று பார்ப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. படியேறாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, தெருவில் நின்றபடியே கேளுங்கள். வயதான அம்மா இருந்தால் "ஆச்சி, வளவை மட்டும் பாத்துட்டுப் போகலாங்களா?" என்பது போதும். ஆண்களை "அண்ணே", பெரியவராக இருந்தால் "ஐயா". "முழு வீட்டையும் காட்டுங்க" என்று ஆரம்பித்தால் கதை அங்கேயே முடிந்தது. வளவு வரை விட்டால், கூப்பிடாமல் அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டுக்குப் போகக் கூடாது. சாமி வீட்டையும் சுவரில் மாலை போட்ட படங்களையும் படம் எடுக்க வேண்டாம். பார்த்துவிட்டுக் கிளம்பும்போது காவல்காரர் கையில் நீங்களாக 100 ரூபாய் கொடுப்பது முறை.

உள்ளே பார்த்தே ஆக வேண்டும் என்றால் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடு ஆத்தங்குடியில் உண்டு. பெரிய வீடு என்றும் லட்சுமி விலாஸ் என்றும் சொல்வார்கள். இல்லையென்றால் விடுதியாக மாற்றிய பழைய வீட்டில் ஒரு வேளை சாப்பாட்டுக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போகலாம். சாப்பிட்ட பிறகு சுற்றிப் பார்க்கக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

உள்ளே போகாமல் வீட்டைப் புரிந்துகொள்ள முடியுமா?

முடியும். அதற்கு வீட்டின் வரிசை மனதில் இருக்க வேண்டும். தெருவிலிருந்து படி, முகப்பு, தூண் வைத்த திண்ணை, சிற்பம் செதுக்கிய நிலை, அதைத் தாண்டினால் வளவு. வளவு என்பது வானம் பார்த்த முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் அறைகளும். கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும், இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கணக்கில், ஒரு புள்ளி. புள்ளிக்கு ஓர் அறை. அறையில் குடும்பம் நடத்துவதில்லை, சாமான்களை வைத்துப் பூட்டுவார்கள், புழங்குவதெல்லாம் தாழ்வாரத்தில். அதற்குப் பின்னால் பந்தி நடக்கும் இரண்டாங்கட்டு, அப்புறம் அடுப்படி, கிணறு, பின்வாசல். பின்வாசல் திறப்பது அடுத்த தெருவில்.

நடக்கிறவருக்கு இந்தக் கடைசிச் செய்திதான் மிகவும் பயன்படும். ஒரு தெருவில் வெறும் மதிலும் சிறு கதவும் மட்டும் தெரிந்தால் ஏமாற வேண்டாம். நீங்கள் வீடுகளின் பின்பக்கம் நடக்கிறீர்கள். ஒரு தெரு தள்ளிப் போனால் அதே வீடுகளின் முகப்புகள் நிற்கும். மூலையில் நின்று வீட்டின் பக்கச்சுவரை இந்தத் தெருவிலிருந்து அந்தத் தெரு வரை நடந்து, எத்தனை எட்டு என்று எண்ணிப் பாருங்கள். நூறைத் தாண்டும் வீடுகள் உண்டு.

காலத்தையும் முகப்பிலேயே படிக்கலாம். பழைய வீடுகள் அடக்கமானவை: நாட்டு ஓடு, தாழ்ந்த கூரை, நீளமான திண்ணை. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை செழித்த காலத்தில் மாடி எழும்பியது, பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி வந்தன. வாசலுக்கு மேலே கஜலட்சுமி. பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் சுதையாக நிற்பதையும் பார்க்கலாம். 1930களில் கட்டியவற்றில் வளைந்த மாடமும் நேர்கோடுகளுமாக ஆர்ட் டெகோ பாணி தெரியும். 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததோடு வருமானம் நின்றது. அதன் பிறகு இந்த அளவில் வீடு எழும்பவில்லை. செட்டிநாட்டு ஊர்த் தொகுதி 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் ஏறியது. தற்காலிகப் பட்டியல் எந்த வீட்டையும் இடிபடாமல் காப்பதில்லை. இன்று பார்த்த முகப்பு அடுத்த முறை வரும்போது இல்லாமல் போகலாம். அதனால்தான் அவசரப்படாமல் பாருங்கள் என்கிறோம்.

சுவர் கண்ணாடி போல மின்னுகிறதே, என்ன பூச்சு?

சுண்ணாம்புப் பூச்சுதான், படிப்படியாக நைசாக்கியது. அடியில் சுண்ணாம்பும் மணலும்; மேலே போகப் போக மணல் குறைந்து, அரைத்த சுண்ணாம்பு மட்டும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் பிடிப்புக்கு. கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். இந்தச் சுவர் மூச்சு விடும். இதன் மேல் சிமெண்ட்டோ பெயிண்ட்டோ அடித்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, ஒன்றிரண்டு மழைக்குள் பொருக்கு பொருக்காக உதிரும். நீங்கள் நடக்கும் தெருக்களில் இடுப்பளவுக்குச் சுவர் உரிந்து நிற்கும் வீடுகளைப் பார்த்தால், பெரும்பாலும் இதுதான் காரணம். கையால் தடவிப் பார்க்க ஆசை வரும். வியர்வைக் கறை போகாது, வேண்டாம்.

ஆத்தங்குடிக்கு நடந்து போகலாமா? அங்கே செய்யும் தரைக்கல்லை வாங்கினால் எப்படிக் கொண்டுவருவது?

நடக்க வேண்டாம், 15 கிலோமீட்டர், வழியில் நிழல் குறைவு. பேருந்து உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது காத்திருக்கச் சொல்லிப் போய்வர ஆட்டோ பேசுங்கள். அரை நாள் ஆகும்.

பட்டறைகளில் கல் போடுவதை நின்று பார்க்கலாம். இந்தக் கல் சூளையில் சுடுவதில்லை. எண்ணெய் தடவிய கண்ணாடித் தட்டின் மேல் இரும்புச் சட்டம். அதற்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்ட்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சை ஆடாமல் மேலே தூக்குவார்கள். கை நடுங்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து கல் வீண். அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்ட்டும் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, பிறகு ஈரக்கலவையை நிரப்பி மட்டம் தட்டுவார்கள். இறுகியதும் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊற வேண்டும். எடுத்துக் காயவைத்தால் கண்ணாடி தானாகக் கழன்றுகொள்ளும். அந்த மினுமினுப்பு கண்ணாடியின் முகம்தான்.

8 அங்குலக் கல் ஒன்றே இரண்டு கிலோவை நெருங்கும். பைக்குள் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் துணி வைத்து, நிறுத்திவைத்துக் கொண்டுபோங்கள். படுக்கவைத்தால் மூலை உடையும். வீட்டுக்கே போடுவதாக இருந்தால் 100 சதுர அடிக்கு 8 அங்குலக் கல் 225 ஆகும். உடைசலுக்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சொல்லுங்கள். பின்னால் கேட்டால் அதே நிறம் கிடைக்காது, கையால் கலக்கும் நிறம். ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேல்முகம் அரித்துவிடும். சில சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்ட தண்ணீரில் துடைத்தால் போதும். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும்.

தனி ஆளாகப் போனால் நல்ல சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். காலையில் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய் கோஸ்மல்லி இருக்கிறதா என்று கேளுங்கள். மதியம் 12.30க்கே இலை முன் உட்கார்ந்துவிடுங்கள்; 1 மணிக்கு மேல் கும்பலில் தனி ஆளுக்கு இடம் தேட வேண்டியிருக்கும், நல்ல வறுவலும் தீர்ந்திருக்கும். விடுதியாக நடக்கும் பழைய வீடுகளில் சாப்பிட முதல் நாளே சொல்ல வேண்டும், அவர்கள் ஆள் எண்ணிக்கைக்குத்தான் சமைக்கிறார்கள்.

செட்டிநாட்டுச் சமையல் என்றால் காரம் என்று பயந்து வருகிறவர்கள் உண்டு. வீட்டுச் சமையலில் காரத்தைவிட மணம்தான் முன்னால் நிற்கும்: கல்பாசி, அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, சோம்பு. மிளகாய்ப்பொடியும் எண்ணெயும் மிதந்தால் அது கடைக்காரர் செய்துகொண்டது. அரிசி களைந்த தண்ணீரில் செய்யும் மண்டி கிடைத்தால் விடாதீர்கள். மாலையில் வெள்ளைப் பணியாரம்: ஒரு ஆழாக்குப் பச்சரிசியின் தலைமேல் உளுந்தைக் கோபுரமாக வைத்து அளப்பதுதான் பக்குவம். உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் கல்லாகும். கவுனி அரிசிப் பொங்கல் (பர்மாவிலிருந்து வந்த பழக்கம்), கந்தரப்பம், சீயம் எல்லாம் ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பார்க்கலாம். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை எடைக்குக் கிடைக்கும். தனி ஆளுக்கு வகைக்கு 100 கிராம் போதும்.

தண்ணீர், செருப்பு, கழிப்பறை?

இரண்டு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும், மதியத்துக்குள் தீர்ந்துவிடும். சம்பை ஊற்றுத் தண்ணீரின் இனிப்பைக் காரைக்குடிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். நீங்கள் வெளியூர் என்றால் காய்ச்சியதையே குடியுங்கள். கயிறு கட்டும் காலணி வேண்டாம். கோயில், வீடு, கடை என்று பத்துத் தடவையாவது கழற்ற வேண்டும். பழைய தெருக்களுக்குள் கழிப்பறை கிடையாது; பேருந்து நிலையத்தையும் சாப்பாட்டுக் கடையையும் நம்பியே திட்டமிடுங்கள்.

பெண்கள் தனியாக நடக்கலாமா?

பகலில் தாராளமாக. எங்கிருந்து வருகிறாய், கூட யாரும் வரவில்லையா என்று ஆச்சிகள் கேட்பார்கள், அக்கறையில் கேட்பது. யோசிக்க வேண்டியது வேறொன்று. பெரிய வீட்டுத் தெருக்களில் முக்கால்வாசி வீடு பூட்டியே கிடக்கும். கூப்பிட்டால் எட்டிப் பார்க்க ஆள் இராது. பகல் 2 மணியும் மாலை 6.30க்குப் பிறகும் அங்கே வெறிச்சோடிவிடும். அந்த நேரங்களில் கல்லுக்கட்டி, செக்காலைச் சாலை போன்ற கடைத்தெருக்களில் இருங்கள். பாழடைந்த வீட்டுக்குள் "வாங்க, காட்டுறேன்" என்று யார் கூப்பிட்டாலும் தனியாகப் போக வேண்டாம். மரத்தளம் உளுத்திருக்கும் என்பதால் ஆண்களுக்கும் இதையே சொல்கிறோம். அரசுச் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

முனீஸ்வரன் கோயில் தெருவில் எதை வாங்கலாம், எதில் ஏமாறலாம்?

எனாமல் கிண்ணம், பித்தளைச் செம்பு, பழைய பூட்டு, தகர டப்பா, மரச் சாமான் நிறைய வரும். இடிபட்ட வீடுகளின் தூணும் நிலையும்கூட வரும். பார்க்க மனம் கனக்கும். ரவிவர்மா படம் என்று சொன்னால் கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். வரிசை பிசகாத புள்ளிகளாகத் தெரிந்தால் அண்மையில் அச்சடித்தது. பழைய கல்லச்சில் (லித்தோகிராஃபில்) புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். எனாமலில் விளிம்பு துரு பிடித்ததைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்கள் பில்லில் பொருளின் விவரத்தை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

கண்டாங்கிச் சேலை கைத்தறிதானா என்று எப்படித் தெரியும்?

2019இல் புவிசார் குறியீடு பெற்ற சேலை இது. அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு நிறங்களில் கட்டமும் அகலக் கரையும். கரை ஓரத்தில் ஊசி குத்தியது போலச் சிறு துளைகள் சீராக இருந்தால் தறியில் நெய்தது என்பதற்கு ஓர் அடையாளம். முதல் தடவை உப்புத் தண்ணீரில் தனியாக நனையுங்கள், சாயம் இறங்கும். பனையோலையில் முடையும் கூடையான கொட்டானுக்கும் குறியீடு உண்டு. எடை இல்லாததால் நடந்து திரிகிறவருக்கு ஏற்ற பொருள்.

நடுவில் மழை பிடித்துக்கொண்டால்?

திண்ணையில் ஒதுங்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். இந்த ஊரை மழைக்காகவே கட்டியிருக்கிறார்கள். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து, அண்டாவில் பிடித்தது போக மிச்சம் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வந்து ஊரணிக்குப் போகும். மழை விட்டதும், வாய்க்கால் அடைபடாத தெருவாகப் பார்த்து, தண்ணீர் ஓடும் திசையிலேயே நடந்து போங்கள். ஊரணிப் படிக்கட்டில் கொண்டுபோய் விடும்.